பதின்மூன்று போட்ட கை

அத்தியாயம் ஆறு

செத்துப்போனவரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது ரேடியோவுக்கு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எதிரே இருந்த மேசையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. மஞ்சள் மேசை நூலகருடையது. துள்ளி எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"என்ன, சுட்டுடுச்சா?" என்றார் வக்கீலம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"இல்ல அண்ணி. நாற்காலி ரொம்ப அறிவாளியா இருக்கு. நம்ம உடம்புக்கு ஒத்துக்காது."

ரேடியோ என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பேர் இல்லை. ஆனால் வீட்டில் வைத்த பேர் வீட்டுக்கே மறந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் என்று அண்ணன்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, கோர்ட்டை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் வேலையில் இறங்கிய அண்ணிக்குக் கார் ஓட்டவும், கதவு தட்டவும், தேவைப்பட்டால் அசடு வழியவும் நாற்பத்து மூன்று வயதில் இவன் ஒருவன்தான் மிச்சம்.

அது தொலைக்காட்சி நிலையத்தின் ஐந்தாவது மாடி. வினாடி வினா நிகழ்ச்சியின் அரங்கம். விளக்குகள் அணைந்து, ஒரே ஒரு குழல் விளக்கு மட்டும் எரிந்தது. டி.வியில் தங்கமாக ஜொலிக்கும் தூண்கள் கிட்டத்தில் பார்த்தால் வெறும் அட்டை. மூன்று நாளுக்கு முன்னால், இங்கே பதினோரு வாரம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த நூலகர், கடைசிச் சுற்றுக்கு முந்தைய இடைவேளையில் காணாமல் போனார். பின்பக்கப் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். அவர் பையைத் திறந்து பார்த்தபோது, கடைசிச் சுற்றுக் கேள்வியும் பதிலும் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும் என்று பயந்து குதித்துவிட்டார் என்று போலீஸ் எழுதிவிட்டது. நிலையமும் அதையே இன்று மாலை ஆறு மணிக்கு அறிக்கையாகப் படிக்கப் போகிறது.

நூலகரின் அக்கா நேற்று வக்கீலம்மாவின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "தம்பி திரும்பி வரமாட்டான், தெரியும். ஆனா திருடன்னு பேர் வாங்கிட்டுப் போகக் கூடாது. அம்மா இல்லாத பொண்ணு ஒண்ணை விட்டுட்டுப் போயிருக்கான். அது இந்தப் பேரைத் தூக்கிக்கிட்டு எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போகும்? ஆறு மணிக்குள்ள ஏதாவது செய்யுங்க."

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். நிகழ்ச்சிக்குக் கேள்வி எழுதுகிறவர் அவள் புருஷன்தான். அங்கே எல்லாருக்கும் அவர் கேள்வி வாத்தியார். ஊழியர்களின் சொந்தக்காரர்கள் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. ஆனாலும் நூலகருக்கு ஆசை. சொந்தத்தை மறைத்துவிட்டுக் கலந்துகொண்டார். "அவர் தம்பிக்கு ஒரு கேள்விகூடச் சொன்னதில்லங்க. இவனும் கேட்டதில்ல. இப்ப சொந்தம்னு வெளிய தெரிஞ்சா, அத்தானே பதிலை எடுத்துக் கொடுத்தாருன்னு முடிச்சுடுவாங்க. அதனால அவர் வாயைத் திறக்க முடியாம தவிக்கிறாரு. நான் உங்ககிட்ட வந்தது அவருக்குக்கூடத் தெரியாது."

அரங்க வேலைகளைக் கவனிக்கும் ப்ளோர் மேனேஜர் காதில் மாட்டிய கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"கடைசிச் சுற்று எப்படின்னு சொல்லும்மா. எனக்கு டி.வி பார்க்கிற பழக்கம் இல்ல," என்றார் வக்கீலம்மா.

"இடைவேளை விடும்போது தலைப்பு மட்டும் சொல்லுவோம் மேடம். அன்னைக்குத் தலைப்பு, விலங்குகள். அதை வச்சு, தன்கிட்ட இருக்கிற புள்ளியில எவ்வளவு பந்தயம் கட்டலாம்னு மூணு பேரும் சீட்டுல எழுதிப் பெட்டியில போடணும். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேள்வியைப் படிப்போம். சரியாச் சொன்னா பந்தயம் கூடும், தப்பாச் சொன்னா கழியும். ஜெயிக்கிறவர் கையில நிக்கிற புள்ளிதான் அவருக்குப் பரிசுப் பணம்."

"இடைவேளையில யார்கிட்டயாவது பேசலாமா?"

"போட்டியாளர் எங்க ஆளுங்ககிட்டப் பேசவே கூடாது. மூணு பேருக்கும் தனித்தனி அறை. மூணு ஐம்பதுக்கு இடைவேளை விட்டேன். நாலு பத்துக்கு இந்தக் கதவுகிட்டப் பெட்டியை வச்சேன். நாலு இருபதுக்குத் திறந்தேன். மூணு சீட்டும் இருந்துச்சு. நூலகர் சீட்டைப் போட்டுட்டு பாத்ரூம் போயிருக்கார்னு நினைச்சேன். நாலரைக்குத்தான்..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதாவது நாலு பத்து வரைக்கும் அவர் உயிரோட இருந்திருக்காரு."

"போலீஸும் அதைத்தான் சொன்னாங்க. நாலு பத்துக்கு அப்புறம் நாங்க நாப்பது பேரும் இந்த அரங்கத்துலதான் இருந்தோம். அதனாலதான் யாரும் தள்ளியிருக்க முடியாது, அவரே குதிச்சாருன்னு..."

அவள் போனில் மூன்று சீட்டுகளின் படமும் இருந்தது. சீட்டைப் படம் எடுத்து வைப்பது அவள் வேலையின் வழக்கம். நீலம், சிவப்பு, மஞ்சள். மஞ்சள் சீட்டில் தடிமனான பேனாவால் பதின்மூன்று என்று எண்ணில் எழுதியிருந்தது. இரண்டே இலக்கம். அதில் கையெழுத்து அழகு எல்லாம் தேட முடியாது. பையில் கிடைத்த துண்டுக் காகிதத்தின் படத்தையும் காட்டினாள். 'முட்டையிட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும், முதுகில் முள் உள்ள விலங்கு எது? விடை: எக்கிட்னா.'

வக்கீலம்மா கேட்டதும் அவள் போய்ப் புள்ளிப் பலகையை ஏற்றினாள். அன்று அணைத்ததோடு சரி, யாரும் தொடவில்லை. நூலகர் இருபது. இரண்டாவது ஆள், ஒரு மருந்துக்கடைக்காரர், பதினாலு. மூன்றாவது பெண்மணி ஐந்து.

வக்கீலம்மா பலகையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ரேடியோ, நாளைக்கு வரப்போற கேள்வித்தாள் உன் கையில இருக்கு. பதிலும் இருக்கு. உன்கிட்ட இருபது புள்ளி. எவ்வளவு கட்டுவ?"

"இருபதையும் கட்டுவேன். இந்த அட்டைத் தூணையும் சேர்த்துக் கட்ட விடுவாங்களான்னு கேப்பேன்."

"நூலகர் பதின்மூணுதான் கட்டியிருக்காரு. மிச்சம் ஏழு புள்ளியைப் பத்திரமா ஒதுக்கி வச்சிருக்காரு. தோத்தா என்ன பண்றதுன்னு யோசிச்சிருக்காரு. பதில் தெரிஞ்சவன் எதுக்கு அதை யோசிக்கணும்?"

ரேடியோவுக்குப் புல்லரித்தது. மூன்று நாளாக யார் கண்ணிலும் படாமல் ஒரு மஞ்சள் சீட்டு அந்த மனிதனுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது! ப்ளோர் மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "நல்ல மனுஷன் மேடம். வாராவாரம் எனக்கு ஒரு புத்தகம் எடுத்துட்டு வருவாரு," என்றாள்.

நூலகரின் அக்கா வீட்டுக்குப் போகும்போது ரேடியோ வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினான். ஆறு மணி அறிக்கையைத் தடுத்துவிடலாம், காகிதத்தைப் பையில் வைத்தவன் யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த அக்காவிடம் நல்ல சேதியைச் சொல்லிவிடலாம் என்றான். வக்கீலம்மாவும் அவனை அடக்கவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். இரண்டு அறை வீடு. சாப்பாட்டு மேசையின் ஒரு கால் மடித்த காகிதத்தின் மேல் நின்றது. சுவரோரம் நூலகரின் மகளுடைய பள்ளிப் பை. மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறாள். நாற்காலியில் துவைத்து மடித்த ஒரு ஆண் சட்டை தனியாக இருந்தது. அதைத் தூக்கி வேறிடத்தில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை போல. நின்றுகொண்டே பேசினாள்.

"மேசையில இடம் இருக்கு, உட்காருங்க. இதே மேசையிலதான் மூணு பேரும் விளையாடுவோம். தம்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் எப்பவும் மூணாவது. நாங்க அடிச்சுக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும்."

"பந்தயமும் கட்டுவீங்களா?" என்றார் வக்கீலம்மா.

"அதுதாங்க முக்கியமே! கேள்விக்குப் பதில் யார் வேணா சொல்லலாம், பந்தயம் கட்டத் தெரியணும்பாரு இவரு. தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவன் பதினோரு வாரத்துல ஒரு தடவைகூட ஒரு புள்ளி அதிகமாவும் கட்டினதில்ல, குறைச்சும் கட்டினதில்ல." தம்பியைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் பெருமை ஏறியது. "அன்னைக்குப் புள்ளி என்ன?"

"தம்பி இருபது. அடுத்தவர் பதினாலு," என்றான் ரேடியோ.

அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப ஒன்பது கட்டியிருப்பான்."

ரேடியோ வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் ஒன்பது?" வக்கீலம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"பின்னால இருக்கிறவர் பதினாலையும் கட்டி ஜெயிச்சா எவ்வளவு வரும்? இருபத்தெட்டு. தம்பி அதைத் தாண்டணும். இருபத்தொன்பது போதும். இருபதோட ஒன்பது. தப்பாச் சொல்லிட்டா நஷ்டம் குறைவா இருக்கணும்ல, அதனால அதுக்கு மேல ஒண்ணுகூடக் கட்ட மாட்டான்." அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்? ஒன்பதுதானே?"

வக்கீலம்மா, ப்ளோர் மேனேஜர் அனுப்பியிருந்த படத்தைத் திறந்து போனை மேசைமேல் வைத்தார். அவள் குனிந்து மஞ்சள் சீட்டைப் பார்த்தாள்.

"பதின்மூணா? இது என் தம்பி கணக்கு இல்லங்க. எதிராளி பதினாறுல இருந்தாத்தான் பதின்மூணு வரும். பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு, அதைத் தாண்ட முப்பத்து மூணு. பதினாலுக்கு எதிரா இப்படிக் கட்ட அவனுக்கு என்ன, பைத்தியமா?"

காலையில் கிடைத்த ஒரே சாட்சியை அந்த அக்காவே, தம்பி மேல் இருந்த பெருமையில், தன் வாயால் உடைத்துவிட்டாள். சீட்டு நூலகருடையது இல்லை என்றால், அவர் ஏழு புள்ளியை ஒதுக்கி வைத்ததும் பொய். அவருக்குப் பதில் தெரியாது என்பதற்கு இனி ஒரு ஆதாரமும் இல்லை.

வக்கீலம்மா எழுந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க?"

"நிலையத்துக்குப் போயிருக்காரு. அறிக்கை படிக்கும்போது மேடையில அவரும் உட்காரணுமாம். அதுக்கு முன்னால அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்து உடுப்பு மாத்திக்கிட்டுப் போவாரு." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. சரியாச் சொன்னீங்க."

காரில் ஏறியதும் ரேடியோ முதல் முறையாக அந்த நாளில் மெதுவாகப் பேசினான். "பலகையில பதினாலுன்னுதானே அண்ணி இருந்துச்சு? நானும் பார்த்தேனே."

"பலகைக்குப் பதினாலு. யாரோ ஒருத்தருக்கு அது பதினாறு. நடுவர் வீட்டுக்கு விடு."

நடுவர், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர், மாலை அறிக்கைக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பனியனோடு கதவைத் திறந்துவிட்டு வெட்கப்பட்டார். காலரை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தபடியே பேசினார்.

"பதினாறா? உங்களுக்கு யார் சொன்னா? அது வெளிய வரவே இல்லையே!" என்றார். "மருந்துக்கடைக்காரர் சொன்ன ஒரு பதிலை நான் தப்புன்னுட்டேன். அவர் ஆட்சேபம் தெரிவிச்சாரு. இடைவேளையில தயாரிப்பாளர், நான், கேள்வி வாத்தியார், மூணு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்து பேசினோம். நான்தான் தப்புன்னு தெரிஞ்சுது. ரெண்டு புள்ளி திருப்பிக் கொடுத்தோம். பதினாலு பதினாறு ஆச்சு."

"போட்டியாளர்களுக்குச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் மேடையில அறிவிப்போம். பழைய சீட்டைக் கிழிச்சுட்டு ஆளுக்குப் புதுச் சீட்டு கொடுப்போம். அன்னைக்கு அதுக்கு வேளையே வரலையே. ஒரு மனுஷன் செத்துக் கிடக்கும்போது ரெண்டு புள்ளியைப் பத்தி யார் பேசுவா? போலீஸும் கேக்கல."

வக்கீலம்மா துண்டுக் காகிதத்தின் படத்தைக் காட்டினார். "இது உங்க கேள்விதானே?"

நடுவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். இஸ்திரிப் பெட்டி அப்படியே சட்டையின் மேல் நின்றது. ரேடியோதான் பாய்ந்துபோய் அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தான்.

"முதுகில் முள் உள்ள... இது எப்படி இதுல வந்துச்சு?" அவர் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "வாத்தியார் எழுதின கேள்வியில இது இல்லம்மா. முட்டையிட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு எது, அவ்வளவுதான் இருந்துச்சு. அப்படிக் கேட்டா பிளாட்டிபஸ்னு சொன்னாலும் சரி, எக்கிட்னான்னு சொன்னாலும் சரி. ஒரு ஆட்சேபத்துல அடிபட்டு உட்கார்ந்திருக்கேன், இன்னொண்ணு வேண்டாம்னு நான்தான் அந்தக் கூட்டத்துலயே இந்த வார்த்தையைச் சேர்க்கச் சொன்னேன். நாலு மணிக்கு மேல, அந்த அறைக்குள்ள பிறந்த வார்த்தை இது."

"போட்டியாளர்களோட பை எங்க இருக்கும்?"

"காலையில பதினோரு மணிக்கே வாங்கி அச்சு அறைக்குப் பக்கத்து அறையில வச்சுடுவோம். போட்டி முடியுற வரைக்கும், அச்சடிக்கப் போறவங்களைத் தவிர யாரையும் அந்தப் பக்கம் விட மாட்டாங்க. வாசல்ல காவல் இருக்கு."

ரேடியோ விரல்விட்டு எண்ணினான். காகிதத்தில் இருந்த வார்த்தை அந்த அறையில் பிறந்தது. சீட்டில் இருந்த பதின்மூன்றும் அந்த அறையில் பிறந்தது. இரண்டும் நூலகருக்குத் தெரிய வழியே இல்லை.

"கூட்டம் முடிஞ்சு யார் யார் எங்க போனீங்க?" வக்கீலம்மா அவசரப்படாமல் கேட்டார்.

"நானும் தயாரிப்பாளரும் எந்திரிக்கவே இல்ல. நிலையத் தலைவரோட போன்ல இருந்தோம், அவர் செத்துக் கிடக்கிறாருன்னு ஆள் ஓடி வந்து சொல்ற வரைக்கும். திருத்தின கேள்வியை அச்சடிக்க வாத்தியார் மட்டும் போனாரு. அச்சடிச்சு, தொகுப்பாளினி கையில கொடுத்துட்டு, அரங்கத்துல முன் வரிசையில உட்கார்ந்துட்டாரு."

"கூட்டத்துக்கு முன்னாடி?"

நடுவர் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். "மூணு ஐம்பதுக்கே வரச் சொல்லியிருந்தோம். நாலு மணிக்குத்தான் வந்தாரு. மூச்சு வாங்கிச்சு. படியேறி வந்தேன்னாரு. லிப்ட் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு." சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு விளங்கியது. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் ரேடியோவுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"ஒரு சந்தேகம் அண்ணி. நாலு பத்துக்கு அப்புறமும் மச்சினன் உயிரோட இருந்தான்னு காட்டத்தான் சீட்டு. நாலு பத்துக்கு மேல இவரை நாப்பது பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. அது புரியுது. சும்மா அஞ்சுன்னோ பத்துன்னோ கிறுக்கிப் போட்டிருந்தா நமக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதே. எதுக்கு இவ்வளவு சரியா ஒரு கணக்கு?"

"அவருக்குத் தப்பாப் போட வராது. இருபது வருஷமா இதுவே சோறு போடுது. அறையை விட்டு வரும்போது தலைக்குள்ள இருபது, பதினாறுன்னு ஓடிக்கிட்டிருந்திருக்கும். கை தானா எழுதிடுச்சு." வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு இப்ப அந்த ஆளைப் பத்திக் கவலை இல்ல. நூலகரோட அக்காகிட்ட எந்த வாயால சொல்றதுன்னுதான் தெரியல. தம்பி பேரைக் காப்பாத்துங்கன்னு கேட்டா. காப்பாத்திட்டேன், இந்தா பிடின்னு இதை எப்படிக் கொடுப்பேன்?"

கோர்ட்டில் எத்தனையோ பேரை அலறவைத்த அண்ணியின் குரல் நடுங்கியதை ரேடியோ அன்றுதான் கேட்டான். பயமாக இருந்தது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கேள்வி வாத்தியார் வந்துவிட்டிருந்தார். ஒல்லியான மனிதர். வெளியே போகும் உடுப்பில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. அந்த அழுகை பொய் இல்லை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. அதுதான் அவனை மேலும் கலக்கியது.

"வாங்க," என்றாள் அக்கா. புருஷனிடம், "தெரிஞ்சவங்கதான். துக்கம் கேட்க வந்திருக்காங்க," என்றாள். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஏங்க, நிறுத்திட்டீங்களே. இன்னும் கொஞ்ச நேரத்துல தம்பியைப் பத்தி ஊருக்கே சொல்லப் போறீங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை அவனை நெனச்சுக்கலாம்னுதானே கேட்டேன். அவன் எப்படிக் கட்டுவான்னு சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா இது..."

"எனக்காக. பன்னிரண்டு, ஒன்பது."

அவர் பெருமூச்சு விட்டார். "ஏழு."

"பதினெட்டு, பத்து."

"மூணு."

"இருபது, பதினாறு."

"பதின்மூணு," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். அவள் கண்களைப் பார்த்தார். வக்கீலம்மாவைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது.

"இவங்க போனதுல இருந்து நானும் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன்," என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. "பதினாறுன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும், பதினாறுன்னு தெரிஞ்சதும் பதின்மூணுன்னு யாருக்கு வரும்னு. இந்த மேசையில இருந்த மூணு பேருக்குத்தான் வரும். ஒருத்தன் செத்துட்டான். நான் வீட்டுல இருந்தேன்."

அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்துக்கடைக்காரருக்குக் கேள்வியை வித்தேன்," என்றார் கடைசியில். "உன் தம்பி கண்டுபிடிச்சுட்டான். கேள்வியில விடையைக் காட்டிக் கொடுக்கிற சொல்லைக் கடைசியிலதான் வைப்பேன்னு அவனுக்குத் தெரியும். அந்த ஆள் அந்தச் சொல் வர்றதுக்கு முன்னாலேயே பஸ்ஸரை அமுக்கிட்டான். இடைவேளை விட்டதும் பின்படிக்கு என்னைக் கூட்டிட்டுப் போய், 'நீங்களே போய்ச் சொல்லிடுங்க அத்தான், நானும் சொந்தம்னு ஒத்துக்கிறேன், ஜெயிச்சதை எல்லாம் திருப்பிக் கொடுத்துடறேன்'னான். போகாதேன்னு கையைப் பிடிச்சேன். உதறினான். நான் தள்ளல. சத்தியமா தள்ளணும்னு நினைக்கல."

"நம்பறேன்," என்றாள் அவள்.

ரேடியோ திடுக்கிட்டுப் பார்த்தான். அவர் முகத்திலும் ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"நம்பறேங்க. கை நழுவிடுச்சுன்னே வச்சுக்கிறேன். கீழே ஓடிப்போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மூச்சு இல்ல."

"அப்புறம் அந்தச் சீட்டு எங்க கிடைச்சுது?"

"அவன் கையில இருந்துச்சு. இன்னும் எழுதல. வெறும் சீட்டு."

"அவன் கையில இருந்து எடுத்தீங்க," என்றாள் அவள். "எடுத்துட்டு மேல போய் உட்கார்ந்து புள்ளி பேசினீங்க. அப்புறம் அவன் பையில திருட்டுக் காகிதம் வச்சீங்க. அவன் பேர்ல பந்தயம் எழுதினீங்க. வீட்டுக்கு வந்து என் மடியில தலை வச்சு அழுதீங்க. அவன் பொண்ணு மாமா மாமான்னு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது. விழுந்தவனைத் திருடனாக்கறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது. ரேடியோவுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. வக்கீலம்மா அவள் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்து, போனை எடுத்தாள். மணி ஐந்து நாற்பது.

"நான் பேசட்டுமாம்மா?" என்றார் வக்கீலம்மா.

"வேண்டாங்க. இது எங்க வீட்டு விஷயம்." தயாரிப்பாளரின் எண்ணை அவளே அழுத்தினாள். மறுமுனையில் யாரோ அவசரமாக ஏதோ சொல்வது கேட்டது. அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். "அறிக்கையைப் படிக்காதீங்க. அவன் திருடன் இல்ல. நான் அவன் கூடப் பிறந்த அக்கா. ஆமா, ஆதாரம் இருக்கு, வக்கீலம்மா கொண்டு வருவாங்க. போலீஸுக்கும் நீங்களே சொல்லிடுங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பாதி எழுந்தார். அவள் போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோய் வாசற்படியில், கதவுக்குக் குறுக்கே, உள்ளே பார்த்து உட்கார்ந்தாள். மறுமுனையில் என்ன கேட்டார்களோ, அவரை நேராகப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"இங்கதான் இருக்காரு. வந்து கூட்டிட்டுப் போங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்."